பிளாங்குக்கு வைத்த தண்ணீர்

பதிவு 1
வியாழனின் நிலவு காலிஸ்டோ, தென்பள்ளம் நிலையம். காலை 07:40

நிலையம் இயங்குகிறது. உள்வெப்பம் பத்தொன்பது பாகை. காற்றழுத்தம் சரி. பனி உருக்கி ஓடுகிறது. ஆள் ஒருவர்: ரெஜினா, நீர்ப் பரிசோதகர்.

இதை யார் படிப்பீர்களோ தெரியாது. படிப்பவருக்குப் புரியும்படி எழுதுவது என் பொறுப்பு. இந்த நிலையத்தில் முன்பு எட்டுப் பேர் இருந்தார்கள். குடிதண்ணீரில் காட்மியம் என்ற விஷ உலோகம் கலந்து நான்கு பேர் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். மிச்சம் பேரை ஏற்றிக்கொண்டு போய் நிலையத்தை மூடினார்கள். இப்போது மறுபடி திறக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் தண்ணீர் குடிக்க உகந்ததுதான் என்று சான்று தர வேண்டும். அதற்குத்தான் என்னை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது கப்பல்.

செத்த நால்வரில் ஒருவன் இந்த ஆய்வகத்தில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தவன். பெயர் அமலன். விசாரணைக் குழு அவன் கணக்கைத் தப்பாகப் போட்டான் என்று எழுதி மூடிவிட்டது. அவன் என் தம்பி. என் கணவர் பெயரை வைத்துக்கொண்டு நான் வந்திருப்பதால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

தொட்டியில் பழைய தண்ணீர் அப்படியே இருக்கிறது. நாளை அளப்பேன்.


பதிவு 2
ஆய்வகம். காலை 09:15

முதலில் தம்பி போட்ட கணக்கையே திரும்பப் போட்டேன். வேதியியல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீரில் ஒரு சாயத்தைக் கலந்தால் காட்மியம் அதைப் பிடித்துக்கொண்டு இளஞ்சிவப்பாகும். அந்த நீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஒரு பக்கம் பச்சை ஒளியை விட வேண்டும். மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். நூறு பங்கு விட்டு பத்துப் பங்கு வந்தால் உறிஞ்சல் எண் ஒன்று. ஒரு பங்குதான் வந்தால் இரண்டு. அந்த எண்ணைச் சாயத்துக்குரிய கெழுவால் வகுத்து, குப்பியின் அகலத்தாலும் வகுத்தால், உள்ளே எவ்வளவு விஷம் என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளையும் போடும் கணக்கு.

அமலனின் அளவீடுகள் எல்லாவற்றிலும் உறிஞ்சல் எண் சுழியம். சுழியத்தை எதால் வகுத்தாலும் சுழியம். கணக்கில் ஒரு புள்ளி தப்பில்லை. ஆனால் குடித்தவர்கள் செத்தார்கள்.

ஒன்று விட்டுப்போனது. கருவி எதையும் தனியாக அளக்காது, ஒப்பிட்டுத்தான் அளக்கும். மாசே இல்லாத தண்ணீரை முதல் குப்பியில் ஊற்றி, இதுதான் சுழியம் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க். பிளாங்க் கெட்டுப்போனால் எல்லாம் கெட்டது.

அமலன் கடைசியாக வீட்டுக்கு அனுப்பிய ஒலிச்செய்தி என் காதிலேயே இருக்கிறது:

"யக்கா, சிரிக்காத. இங்க பிளாங்குக்கு நாங்க குடிக்கிற தண்ணியத்தான் ஊத்தணுமாம். பூமியில இருந்து வந்த சுத்தத் தண்ணி தீந்துட்டுன்னு தலைவர் சொல்லுதாரு. கேட்டா, இருக்கறத வச்சுப் பாருங்காரு. அந்தத் தண்ணியையே அந்தத் தண்ணியோட ஒப்பிட்டா சுழியம் வராம பின்ன என்ன வரும்? அடுத்த கப்பல்ல புட்டி கேட்டிருக்கேன். வரட்டும்."

கப்பல் வந்தது. அவன் அதில் ஏறவில்லை. அம்மா இந்தச் செய்தியைக் குழுவுக்கு அனுப்பினாள்; தன் தப்பை மறைக்க அவன் சொன்னது என்று தள்ளிவிட்டார்கள்.


பதிவு 3
ஆய்வகம். பகல் 11:50

நான் பூமியிலிருந்து மூடி முத்திரையிட்ட சுத்த நீர்ப் புட்டிகள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றை உடைத்துப் பிளாங்காக வைத்தேன். தொட்டி நீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து அடுத்த குப்பியில் வைத்தேன்.

உறிஞ்சல் எண் 0.88.

கெழு எண்பத்தெட்டாயிரம். குப்பி ஒரு சென்டிமீட்டர். நீர்க்கச் செய்ததைச் சேர்த்துப் பெருக்கினால் லிட்டருக்குப் பதினோரு மில்லிகிராம் காட்மியம். அனுமதித்த அளவைப்போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். உருக்கியின் மூட்டுகளில் பூசிய பூச்சு கரைந்து இறங்கியிருக்கிறது.

பிறகு நிலையத் தண்ணீரையே பிளாங்காக வைத்து அளந்தேன். 0.00. அழகான, சுத்தமான சுழியம். கருவி பொய் சொல்லாது, பாவம். விஷத்தையே சுழியம் என்று சொல்லிக் கொடுத்தால் அதையே திருப்பிச் சொல்லும்.

அழுதேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறைக்கத் தோன்றக்கூடாது.


பதிவு 4
தலைவர் அறை. பிற்பகல் 14:20

தலைவர் என்றால் இளம்பரிதி. அந்த எட்டுப் பேருக்கும் தலைமை தாங்கியவர். உயிரோடு திரும்பிய நால்வரில் கொழுகொழுவென்று வந்த ஒரே ஆள். மற்ற மூவரும் இன்றுவரை ரத்தம் சுத்திகரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. "கடவுள் காப்பாத்தினார்" என்று பேட்டி கொடுத்தார்.

விசாரணையில் அவர் சொன்னது: சுத்த நீர்ப் பெட்டி இருந்தது, அமலன் சோம்பல்பட்டுத் திறக்கவில்லை.

அவர் படுக்கைக்குப் பின்னால் காற்றுக் குழாயின் பலகையைக் கழற்றினேன். கண்ணாடிப் புட்டிகள். எல்லாம் காலி. பூமியின் முத்திரை ஒவ்வொன்றிலும் இருக்கிறது. சிலவற்றின் வாயில் பழச்சாற்றுப் பொடி காய்ந்து ஒட்டியிருக்கிறது.

புரிந்துவிட்டது. இங்கே எல்லாருடைய வியர்வையும் மூத்திரமும் சுத்தமாகி மறுபடி குழாயில் வரும். எல்லாரும் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள். துரைக்கு அருவருப்பு. பிளாங்குக்கு வந்த தண்ணீரைப் பழச்சாறு கலந்து குடித்துத் தீர்த்திருக்கிறார். தீர்ந்துவிட்டது என்று அமலனிடம் சொன்னது ஒரு வகையில் உண்மைதான்.

தண்ணீரில் விஷம் இருப்பது அப்போது அவருக்கும் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்கள் விழ ஆரம்பித்த பிறகு அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேராவது பிழைத்திருப்பார்கள். அமலன் கடைசியாக விழுந்தவன்.

புட்டிகளைப் படம் எடுத்து அனுப்பினேன். பூமியிலிருந்து பதில், நாற்பது நிமிடப் பயணம், ஒரே வரி: காலிப் புட்டி யார் குடித்தது என்று காட்டாது.


பதிவு 5
தொடர்பறை. காலை 10:05

அம்மாவின் ஒலிச்செய்தி வந்திருந்தது. தூத்துக்குடியில் நிறுவனம் நினைவுக்கல் திறந்திருக்கிறது.

"எட்டி ரெஜினா, கல்லுல மூணு பேருதான் வெட்டியிருக்கான். விழாவுல அந்த மூணு பேரையும் மைக்ல வாசிச்சாவ. நாலாவது பேர நான் எந்திரிச்சு நின்னு கத்துனேன். எம் மவன் அமலன்னு. ரெண்டு பொம்பளைய வந்து என்னைய உக்கார வச்சிட்டாளுவ. செத்தவங்க வீட்டு ஆளு ஒருத்தி என் மூஞ்சில துப்பிட்டா மக்கா. நான் தொடைக்கல."

வேறு யாராவது துடைத்தார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் பதில் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கேட்கவில்லை.

இன்னொரு செய்தி. சான்றில் என்னோடு கூட ஒரு கையெழுத்து வேண்டுமாம். அதற்கு அனுபவமுள்ள ஒருவரை இன்னொரு கப்பலில் முன்பே அனுப்பிவிட்டார்களாம், இறங்குகலத்தில் வந்து சேர்வாராம். கப்பல் அவரை இறக்கிவிட்டு அடுத்த நிலவுக்குப் போய்ச் சில நாளில் திரும்பிவரும்.

அனுபவமுள்ளவர் பெயர் இளம்பரிதி.


பதிவு 6
நீர் அறை. காலை 08:30

உண்மையை எழுதிவிடுகிறேன். நேற்று நாள் முழுவதும் தொட்டியை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பதினோரு மில்லிகிராம், குளிரக் குளிர. என் கை வடிகட்டியின் வால்வில் இருந்தது, திருப்பவில்லை.

பிறகு எனக்கு உறைத்தது. அந்த ஆள் விஷத்தால் செத்தால் என்ன ஆகும்? அவர் பெயரையும் கல்லில் வெட்டுவார்கள். நான்காவது இடத்தில். மாலை போடுவார்கள். இதற்காகவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?

வால்வைத் திருப்பினேன். பூச்சுப் போட்ட மூட்டுகளைக் கழற்றி எறிந்தேன், பிசின் வடிகட்டிகள் புதிதாகப் போட்டேன், தொட்டியைக் காலிசெய்து கழுவிப் புதுப் பனி உருக்கினேன். பூமி நீரைப் பிளாங்காக வைத்து அளந்தேன். உறிஞ்சல் எண் 0.00. இது உண்மையான சுழியம். மூன்று முறை அளந்தும் அதுவே.

ஒரு குவளை குடித்தேன். நல்ல தண்ணீர். சுத்த நீர்ப் புட்டி இன்னும் ஒன்று மிச்சம்.


பதிவு 7
தொடர்பறை. பகல் 12:10

இறங்குகலம் இறங்கியது. கலத்துக்குத் தண்ணீர்க் குழாய் இணைத்தேன். நடைவழிக் கதவு மூடியிருக்கிறது.

நிலைய வழக்கம் இது: வருபவர் முதலில் கலத்திலேயே இருந்து இங்கத்தியத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். மறுநாள் சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டும். தண்ணீரில் அடையாளத்துக்காகக் கலந்த உப்பு அதில் தெரிந்தால்தான் கதவு திறக்கும். எல்லார் நீரும் ஒரே சுற்றில் ஓடுவதால், புதிதாக வருபவர் உடம்பு எதை வெளியேற்றுகிறது என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள். நான் வந்தபோது நிலையம் மூடிக் கிடந்ததால் எனக்கு இது இல்லை. இந்த விதியை எழுதியவரே இளம்பரிதிதான். ஒரு குவளை குடித்தால் போதும். மறுநாள் கதவு தானாகத் திறக்கும். நான் தொடக்கூட வேண்டாம்.

அவர் குரல்:

"வணக்கம்மா. தண்ணி டெஸ்ட் எல்லாம் முடிச்சிட்டீங்களாமே? வெரி குட். நான் கப்பல்லேந்து ரெண்டு பாட்டில் எடுத்துண்டு வந்திருக்கேன், அது போறும். மாதிரியெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. நீங்களே போட்டுடுங்க."

மாதிரியை நான் எப்படிப் போடுவது என்று கேட்டேன். சிரித்தார். வேறு எதையோ பேசினார். எந்த ஊர் என்று கேட்டார்.

தூத்துக்குடி என்றேன். அமலன் என் தம்பி என்றேன். தொட்டித் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, தாராளமாகக் குடியுங்கள் என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் இணைப்பை அணைத்துவிட்டார். எனக்கு ரொம்பத் தாகமாக இருந்தது. இரண்டு குவளை குடித்தேன்.


பதிவு 8
தொடர்பறை. காலை 07:55

இரண்டு புட்டியும் தீர்ந்துவிட்டதாம். குழாயைத் திறக்கவில்லை. குழாயில் தண்ணீர் ஓடுவதைக் காட்டும் ஓட்டமானி அசையவில்லை.

"இதோ பாரும்மா. உன் வருத்தம் எனக்குப் புரியறது. ஆனா ஆத்திரத்துல ஏதாவது பண்ணிடாத. தண்ணியில ஒண்ணும் இல்லன்னு சொல்றியே, எண் என்ன வந்துது?"

0.00 என்றேன்.

"பிளாங்குக்கு எந்தத் தண்ணி வெச்ச?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். விசாரணைக் குழுவில், பிளாங்க் என்பதெல்லாம் ஆய்வகத்துக்காரன் வேலை, தலைவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை என்று சத்தியம் பண்ணினவர். தொண்டை காய்ந்ததும் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. குழுவுக்குத் தெரியாதது எல்லாம் இந்த ஆளின் நாக்குக்குத் தெரிகிறது.

சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

பூமியின் சுத்த நீர் என்று உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. ஏன் நம்புவார்? அவர் செய்ததைத்தான் நானும் செய்வேன் என்று நினைக்கிறார்.


பதிவு 9
தொடர்பறை. பிற்பகல் 15:30

அவர் புட்டி தீர்ந்து இரண்டு நாள். காணொளியில் என் முகத்தைக் காட்டி அதே குழாயில் பிடித்துக் குடித்தேன். வேறு தொட்டி என்றார். இங்கே ஒரே தொட்டிதான். அது அவருக்கும் தெரியும். குழாயை நடுவில் மாற்றியிருப்பேனாம். நான் குடித்ததைப் பிறகு துப்பியிருப்பேனாம்.

பூமிக்குப் பேச வேண்டும் என்றார். கலத்தின் வானொலி என் வழியாகத்தான் போக வேண்டும். பிளாங்க் பற்றிய செய்தியாக இருந்தால் உடனே அனுப்புகிறேன், வேறு எதையும் அனுப்பமாட்டேன் என்றேன்.

கெட்ட வார்த்தை சொன்னார். தம்பியை, அம்மாவை, ஊரை எல்லாம் இழுத்தார். பதிவுசெய்து வைத்திருக்கிறேன், இங்கே எழுதி இந்தப் பக்கத்தை அசிங்கம் பண்ண மாட்டேன்.

கடைசியில், "ரெஜினா, ப்ளீஸ்மா, நாக்கு ஒட்டிக்கறது" என்றார்.

அமலனுக்கும் கடைசியில் நாக்கு ஒட்டியது. அவனை நிலையத்து நர்ஸ் ஈரத்துணியால் துடைத்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தத் துணியை எந்தத் தண்ணீரில் நனைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்ததுதானே.


பதிவு 10
தொடர்பறை. காலை 09:40

சொன்னார்.

குரல் கரகரத்து, வார்த்தை வார்த்தையாக வந்தது. ஒன்றையும் திருத்தாமல் எழுதுகிறேன்:

"பிளாங்க் தண்ணி... நான்தான் குடிச்சேன். மொத்தமும். குழாய்த் தண்ணி எனக்கு ஒத்துக்கல, அருவருப்பா இருந்தது. அமலன் கேட்டான். நாலஞ்சு தடவ கேட்டான். நிலையத் தண்ணியே வெச்சுக்கோன்னு நான்தான் ஆர்டர் போட்டேன். ஆளுங்க விழுந்தப்புறம் புரிஞ்சுது. சொன்னா என் வேலை போயிடும்னு பயந்தேன். அவன் மேல தப்பு இல்ல. அவன் கணக்கு கரெக்ட். போதுமா? அனுப்பு. அனுப்பிட்டு எனக்குத் தண்ணி குடு."

அனுப்பினேன். அந்தக் கணமே. ஒரு எழுத்து குறையாமல்.

சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆய்வகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். அமலா, அமலா என்று கத்தினேன்.

பிறகு குழாயைத் திறங்கள், தண்ணீர் சுத்தம், குடியுங்கள் என்றேன். வந்த நாளிலிருந்து சொல்வதையே சொன்னேன்.

"இன்னும் என்ன வேணும் உனக்கு? நான்தான் சொல்லிட்டேனே. விஷம் இல்லாத தண்ணிய விடு!"

விஷம் இருந்தால்தானே, இல்லாததை விடுவதற்கு.


பதிவு 11
ஆய்வகம். பகல் 13:00

என்னிடம் சுத்த நீர்ப் புட்டி ஒன்று இருப்பதை அவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார். பெரிய அறிவாளி. இத்தனை பரிசோதனைக்கு இத்தனை கொண்டுவந்திருப்பாய், ஒன்று மிச்சம் இருக்க வேண்டும், அதைப் பொருள் மாற்றும் சிறு அறை வழியாகக் கொடு என்கிறார். முத்திரை உடையாமல் கொடுத்தால் குடிப்பாராம்.

கொடுத்தால் பிழைத்துவிடுவார். கப்பல் வரும்வரை ஒரு புட்டி போதும். பூமிக்குப் போய் வக்கீல் வைத்து, தாகத்தில் மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்பார். மறுபடி பேட்டி கொடுப்பார்.

இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று இல்லை. காரணம் பிறகு தேடியது. புட்டியைக் கையில் எடுத்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இது பிளாங்குக்கு வந்த தண்ணீர். குடிக்க வந்தது இல்லை.

குப்பிகளை அளவீட்டுக்குப் பின் சுத்த நீரால் மூன்று முறை கழுவ வேண்டும் என்பது விதி. கழுவினேன். ஒலிவாங்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தம் கேட்கக் கழுவினேன். புட்டி காலியாகும்வரை.

அவர் அழுதார். கண்ணீர் வந்திருக்காது.


பதிவு 12
நீர் அறை. காலை, நேரம் பார்க்கவில்லை

ஓட்டமானி அசைந்தது.

எழுந்து ஓடினேன். குழாயைத் திறந்திருக்கிறார். முள் ஏறுகிறது. தண்ணீர் போகிறது. கலத்தின் கைகழுவும் தொட்டியில் அது விழும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கிறது. ஒரு நிமிடம், இரண்டு. குடிக்கிற சத்தம் இல்லை. விழுகிற சத்தம் மட்டும். சும்மா திறந்துவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குடி என்றேன். என்ன இருந்தாலும் வாயில் வந்துவிட்டது. குடித்துத்தொலை, நல்ல தண்ணீர் என்று கத்தினேன். என் தம்பி மேல் ஆணை என்றேன்.

"உன் தம்பி மேலயா?"

காற்றுப்போல ஒரு சிரிப்பு. குழாயை மூடிவிட்டார்.

முள் இறங்கிவிட்டது.


பதிவு 13
நீர் அறை

முள் அப்படியே இருக்கிறது. ஒலிபெருக்கியில் ஒன்றும் இல்லை. கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், சார் என்றும் கூப்பிட்டேன். நடைவழிக் கதவு வரை போனேன். மாதிரி இல்லாமல் அது எனக்கும் திறக்காது. அவர் எழுதிய விதி. கையால் உடைத்துத் திறக்க ஒரு நெம்புகோல் சுவரில் தொங்குகிறது. பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன். நிறுத்த முடியவில்லை.


பதிவு 14
தொடர்பறை

பூமியிலிருந்து விசாரணைக் குழுவின் செய்தி:

"வாக்குமூலம் கிடைத்தது. குரல் சரிபார்க்கப்பட்டது. அமலன் மீதான தீர்ப்பு ரத்து செய்யப்படுகிறது. நினைவுக்கல்லில் அவர் பெயர் சேர்க்கப்படும். தாயாருக்குத் தெரிவித்துவிட்டோம். இளம்பரிதியின் குரல் மிகவும் பலவீனமாக இருக்கிறது. அவர் நிலை என்ன? அவருக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா? உடனே பதில் தரவும்."

பதில் அனுப்பினேன். முதல் நாளிலிருந்தே கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று.